சுவருக்குள் யார் முடி?

"அம்மா, உன் வாயிலேர்ந்து புகை வருது."

வதாத் கைபேசியைச் சட்டென்று முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தாள். திரையில் அவள் மகள் ரூலா, ஸ்வீடனில் தன் வீட்டுச் சமையலறையில், கையில்லாத சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே ஜன்னல் உயரத்துக்குப் பனி. இங்கே அரபு நாட்டுக் கடற்கரை ஊரான அல்மினாவில் பனியாவது ஒன்றாவது, கடற்காற்று மட்டும்தான். ஆனாலும் வதாத் இரண்டு ஸ்வெட்டரும், அதன்மேல் காலமான கணவரின் கோட்டும் போட்டிருந்தாள்.

"புகையா? அது... சிகரெட்டு."

"நீ சிகரெட்ட விட்டு எத்தன வருஷம் ஆச்சு!"

"மறுபடி ஆரம்பிச்சுட்டேன்."

"போன குளிர்காலம் நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரியில கிடந்தவ, இப்ப சிகரெட்டா?"

ஒரு குற்றத்தை மறைக்கப் போய் இப்போது கணக்கில் இரண்டு குற்றம். மூன்றாவது பொய்யை வதாத் தேடிக்கொண்டிருக்கும்போதே, பின்னாலிருந்த நாற்காலியில் ஈரத்தலையோடு நடுங்கிக்கொண்டிருந்த வாடிக்கைக்காரி ஹியாம் காரியத்தைக் கெடுத்தாள்.

"அவ சிகரெட்டும் பிடிக்கல, ஒண்ணும் பிடிக்கல! வீட்டுக்குள்ள ஐஸ் கட்டுது. என் தலையில தண்ணிய ஊத்திட்டுக் கரண்ட் போயிடுச்சு. டிரையர் ஓடல. நான் செத்தா என் புருஷனுக்குச் சொல்லி அனுப்பு, ரூலா!"

"போதும்," என்றாள் ரூலா. "போன வருஷம் என்ன சொன்னே? இன்னொரு குளிர்காலம் இப்படின்னா உன்கூட வந்துடறேன்னு சொன்னியா இல்லியா? பிப்ரவரியில நானும் உன் மருமகன் குன்னரும் வர்றோம். வீடு கதகதப்பா இருந்தா நீ அங்கியே இரு. இல்லேன்னா பெட்டியைக் கட்டு."

"குளிருக்குப் பயந்து ஸ்வீடனுக்கா? ஊரே சிரிக்கும்டி."

"இங்க குளிர் வீட்டுக்கு வெளியில இருக்கும்மா. உன் வீட்டுல உள்ள இருக்கு."

அந்த வீடு கடலைப் பார்த்து நிற்கும் நூறு வருஷத்து மணற்கல் வீடு. கோடையில் அரண்மனை, டிசம்பர் பிறந்தால் கல்லறை. அதன் முன்கூடத்தில்தான் அவள் பார்லர் நடத்திவந்தாள். தெருப் பெண்கள் முடி வெட்டிக்கொள்ள வருவார்கள். வெட்டிய பிறகும் போக மாட்டார்கள். காபி, வம்பு, அழுகை, சிரிப்பு எல்லாம் அங்கேதான். ஸ்வீடனுக்கு அவள் ஒருமுறை போயிருக்கிறாள். இருந்த நாள் வரைக்கும் கதவை ஒருவரும் தட்டவில்லை. ஒருவரும் சண்டைக்குக்கூட வரவில்லை. அப்படி ஒரு ஊரில் மனுஷி எப்படி உயிரோடு இருப்பது?

அன்றைக்கே தம்பி நடீமைக் கூப்பிட்டாள்.

நடீம் ரேடியோ ரிப்பேர்க்காரன். யாரும் ரேடியோ கேட்காத காலத்தில் அவனுக்கு எல்லா விஷயத்திலும் அபிப்பிராயம் சொல்ல நேரமிருந்தது. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டான்.

"அக்கா, குளிர் எது வழியா வருது? ஓட்டை வழியா. ஓட்டைய அடைச்சுட்டா?"

"அடைச்சுட்டா?"

"வர முடியாது. அவ்வளவுதான். இதுக்கா ஸ்வீடன் வரைக்கும் பேச்சு!"

பீய்ச்சியடிக்கும் நுரை மருந்து ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்தான். ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, காற்றுத் துவாரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அடைத்தான். அடித்தபோது விரல் பருமனில் இருந்த நுரை, ஈஸ்ட் போட்ட மாவு மாதிரி பொங்கிப் பொங்கி, காலையில் பார்த்தால் தலையணை பருமனில் கெட்டிப்பட்டு நின்றது. சமையலறை ஜன்னல் திறக்கவில்லை. குளியலறை ஜன்னல் திறக்கவில்லை. எந்த ஜன்னலும் திறக்கவில்லை. குளிர்காற்று நின்றது உண்மைதான். அந்தச் சந்தோஷத்தில் வதாத் மீன் வறுத்தாள்.

அந்த வாரம் அவளிடம் தலை அலங்காரம் செய்துகொண்ட எல்லாருமே வறுத்த மீன் வாசனையோடு வீடு போனார்கள். ஹியாமின் கணவர் மனைவி உள்ளே நுழைந்ததும் ஆசையாகச் சமையலறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பருப்புச் சோற்றைக் கண்டு முகம் வாடித் திரும்பினாராம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வெந்நீர் அண்டாவின் ஆவி, ஈரத் துண்டுகளின் ஆவி, எந்நேரமும் பேசிக்கொண்டிருக்கும் பெண்களின் மூச்சு, எல்லாம் வெளியே போக வழியில்லாமல் சுவரில் போய் ஒட்டின. சுவர் வியர்த்தது. பிறகு அழுதது. கூரை மூலையில் கறுப்புப் பூசணம் பூத்து, வரைபடத்தில் தீவுகள் மாதிரி பரவியது. படுக்கையறை மர அலமாரி ஈரத்தில் ஊதி, கதவு இறுகிக்கொண்டது. உள்ளே வதாத்தின் ஒரே நல்ல கம்பளிக் கோட்டு.

"ஈரத்துக்கு மருந்து சூடு," என்றான் நடீம், கொஞ்சமும் அசராமல். மூன்று மின்சார ஹீட்டர்களை இரவல் வாங்கி வந்து, ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டான். வதாத் அதே சமயம் டிரையரைப் போட்டாள்.

டப் என்று ஒரு சத்தம். தெரு முழுக்க மின்சாரம் போயிற்று.

தெருவுக்கு ஜெனரேட்டர் மின்சாரம் விற்கும் அபூ ஷஃபீக் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"ரூலா அம்மா, நான் உங்களுக்குக் கொடுத்திருக்கிறது அஞ்சு ஆம்பியர். அதுல ஒரு ஃபிரிட்ஜும் நாலு பல்பும் ஓடும். நீங்க என்ன, உள்ள இரும்பு ஆலையா நடத்துறீங்க?"

"அண்ணே, வீடு குளிருது..."

"எனக்கும்தான் இப்ப பயத்துல குளிருது! எதிர்க் கட்டடத்து லிஃப்டுல பல் டாக்டர் தொங்கிட்டிருக்காரு. அவர் கீழ வந்தா முதல்ல என் பல்லத்தான் புடுங்குவாரு. கோவிச்சுக்காதீங்க, ஒரு வாரத்துக்கு உங்க வயரக் கழட்டிவைக்கிறேன். தெருவுல எனக்கு மானம் இருக்கு."

ஆக வீட்டில் இப்போது குளிர், ஈரம், பூசணம், மீன் வாசனை, இருட்டு. ரூலா தொலைபேசியில் கேட்டபோது, "வேலை ஜோரா நடக்குது" என்றாள் வதாத். பேசும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள், புகை தெரியக்கூடாதே என்று.

கோட்டு இல்லாமல் முடியாது. அலமாரியின் முதுகுப் பலகையைக் கழற்றியாவது அதை எடுக்கலாம் என்று அக்காவும் தம்பியுமாக அலமாரியைச் சுவரைவிட்டு இழுத்தார்கள். பின்னால் சுவரின் சிமெண்ட் பூச்சு பெரிய தோசை அளவுக்குப் பெயர்ந்து விழுந்திருந்தது. உள்ளே வெறும் மணற்கல் தெரிந்தது.

"இது வேறயா? இரு, இதையும் நுரை அடிச்சு..." என்று நடீம் கிளம்பினான்.

"கையை எடு!"

வதாத் கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தாள். உலர்ந்திருந்தது. பக்கத்தில், பச்சைப் பளபளப்புச் சாயம் பூசிய சிமெண்டின்மேல் வைத்தாள். நீர் சொட்டியது. மறுபடி கல். மறுபடி சிமெண்ட். தம்பிக்கு அக்காவைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அந்தப் பூச்சும் சாயமும் அவள் கணவர் கல்யாணத்துக்கு முன்னால், மனைவி வருகிறாளே என்று ஆசை ஆசையாகச் செய்தவை.

"பாவி மனுஷா!" என்று வதாத் கூரையைப் பார்த்துச் சொன்னாள். "வீட்டுக்கு மழைக்கோட்டப் போட்டுவிட்டுப் போயிட்டியே! வேர்வை எங்க போகும்?" பிறகு நடீமிடம் திரும்பினாள். "ஈரத்தலைதான்டா குளிரும், காஞ்ச தலை குளிராது. காலம் முழுக்க ஈரத்தலையோட குடும்பம் நடத்துறேன், எனக்கு இது தெரியாமப் போச்சே! சிமெண்டு முழுக்க வெளிய போகணும்."

ஆணை கிடைத்ததும் நடீம் சுத்தியலை எடுத்தான். எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முன்கூடத்தில் தொடங்கினான். அங்கே நாற்காலியில் ஹியாம், இடுப்பு வரை இறங்கும் கூந்தலில் சிவப்புச் சாயக் குழம்பைப் பூசிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

ஒரே அடி. பாதிச் சுவர் இறங்கியது. தூசி அடங்கியபோது நாற்காலியில் ஒரு சிலை இருந்தது.

"வதாத்," என்றது சிலை, "என் தலை கனக்குது."

"அசையாத. ஒண்ணுமில்ல. நடீம், தண்ணி!"

எத்தனை குடம் ஊற்றியும் பலனில்லை. சாயமும் சிமெண்டும் ஒன்றாகி, கூந்தல் கயிறு திரித்த மாதிரி கட்டிக்கொண்டது. கடைசியில் கத்தரிக்கோல்தான் வழி. கழுத்துக்கு மேலே நிறுத்தி வெட்டிவிட்டு வதாத் கண்ணாடியைக் காட்டினாள். ஹியாம் பார்த்தாள். தலையில் முக்காட்டைக் கட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனாள். ஹியாம் பேசாமல் போனது அந்தத் தெருவின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

கொத்தனார் ஜிர்ஜிஸ் வந்து, உரித்த சுவர்களைத் தட்டிப் பார்த்தார். "சுண்ணாம்புக் காரைதான் பூசணும். அது மூச்சுவிடும். ஆனா வெடிக்காம இருக்க ஆட்டு முடி கலக்கணும். முடி இப்பக் கிடைக்காது. வசந்தத்துலதான் ஆட்டுக்கு முடி வெட்டுவாங்க."

"வசந்தத்துல நான் ஸ்வீடன்ல இருப்பேன், ஜிர்ஜிஸ்."

வதாத்தின் பார்வை கொல்லைப்புறத்துக்குப் போயிற்று. குப்பை வண்டி சரியாக வராத மாதங்களில், வெட்டிய முடியை மூட்டை மூட்டையாக அங்கே கட்டிவைத்திருந்தாள்.

"ஏன் ஜிர்ஜிஸ், எங்க தெருப் பொம்பளைங்க முடி ஆட்டு முடிக்கு மட்டமா?"

கொத்தனார் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பெண்களை ஒருமுறை பார்த்தார். கல்யாணமானவர், விவரம் தெரிந்தவர். "அப்படி நான் சொல்வேனா?" என்றார்.

முடியை அலசி, உலர்த்தி, நறுக்கி, காரையில் குழைத்து முதல் சுவரைப் பூசியதும் அருமையாகப் பிடித்தது. தொட்டால் வழவழவென்று, முட்டை ஓடு மாதிரி. அதைப் பார்க்கத்தான் போல, ஹியாம் ஒரு நாள் கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எட்டிப்பார்த்தாள். ஈரக் காரையின் நடுவே ஒரு சிவப்பு இழை மின்னியது. அவள் குனிந்து பார்த்தாள். அது யார் முடி என்று அவளுக்குத் தெரியாதா?

"சூனியம்!"

அந்த ஒரு சொல் மீன் சந்தை வரைக்கும் போய், போகிற வழியில் சதை போட்டு, திரும்பி வந்தது. பிற்பகலுக்குள் வதாத்தின் வாசலில் பெண்கள் கூட்டம். யார் யாருக்கு எப்போது தலைவலி வந்தது, யார் மகளுக்கு ஏன் வரன் தட்டிப்போனது, எல்லாவற்றுக்கும் அன்று காரணம் கிடைத்துவிட்டது.

"எங்க முடிய ஏன் சுவத்துல புதைக்கிற?"

"எங்களைக் கட்டிவைக்கத்தானே?"

"என் முடிய எனக்குத் திருப்பிக் குடு!" என்றாள் ஹியாம், முக்காட்டுக்குள்ளிருந்து.

வதாத் காரை அப்பிய கையோடு வாசலில் நின்றாள். சிரிப்பு வரும் என்று நினைத்தாள். அழுகைதான் வந்தது.

"அறிவு கெட்டவளுங்களா, எனக்கு வசியம் தெரிஞ்சா உங்களையா கட்டிவைப்பேன்? நீங்கதான் விரட்டினாலும் போக மாட்டீங்களே! வசியம் தெரிஞ்சிருந்தா என் மகளை ஸ்வீடன்ல விட்டுவெச்சிருப்பேனா? வீடு சூடாகலேன்னா என்னைப் பெட்டி கட்டிக் கூட்டிட்டுப் போயிடுவா. அப்புறம் உங்க தலைய யார்கிட்டயாவது போய்க் குடுங்க!"

பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒடெட் டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அது சரி வதாத். நான் எந்தச் சுவத்துல இருக்கேன்?"

"நீங்களா டீச்சர்? இன்னும் மூட்டையிலதான் இருக்கீங்க."

"அப்ப என்னைத் தெற்குச் சுவத்துல போடு. அங்கதான் வெயில் படும். எனக்கு மூட்டு வலி."

"அப்ப நானும் தெற்குச் சுவருதான்!" என்று ஒருத்தி. "என்னைச் சமையலறையில போட்டுடாத, வீட்டுலயும் அங்கதான் கிடக்கிறேன்!" என்று இன்னொருத்தி. மூன்றாவது ஒருத்திக்குப் பகீரென்றது. "ஆமா, கக்கூஸ் சுவத்துல யாரு?"

"நடீம்," என்றாள் வதாத், யோசிக்காமல்.

ஹியாம் முக்காட்டைக் கழற்றி நடீமின் வழுக்கையைப் பார்த்தாள். "அப்ப அந்தச் சுவரு பாதிதான் முடிஞ்சிருக்கும்," என்றாள். சிரித்தும்விட்டாள். "என்னைக் கண்ணாடிக்கு நேர் எதிர்ல பூசு. உன்னால போன கூந்தலு. நாலு பேர் பார்க்கட்டும்."

அதன் பிறகு வேலை வேலையாக நடக்கவில்லை, திருவிழாவாக நடந்தது. அம்மா வீட்டுச் சீதனமாக வந்த கம்பளி மெத்தைகள் எல்லார் வீட்டுப் பரணிலும் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிரித்து, கம்பளியை வெயிலில் உதறி, வதாத் வீட்டுக் கூரைக்கடியில் நெருக்கமாகப் பரப்பினார்கள். நடீமின் நுரையை அவனையே சுரண்டவைத்தார்கள். ஜன்னல்கள் மறுபடி திறந்தன. மூடும்போது இறுக மூட, ஓரத்தில் கம்பளிப் பட்டை வைத்துத் தைத்தார்கள். ஆவி போக உயரத்தில் சின்னச் சின்ன வழி விட்டார்கள். மூடிப்போன மிட்டாய்க் கடை ஒன்றின் கண்ணாடிகளைத் தெற்குத் தாழ்வாரத்தில் பொருத்தினார் ஜிர்ஜிஸ். காலை வெயில் அதற்குள் நுழைந்தால் திரும்பிப் போக வழி தெரியாமல் வீட்டுக்குள்ளேயே நின்றது. கண்ணாடியில் 'சுத்தமான நெய்யில் செய்தது' என்று எழுதியிருந்ததை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. கல் காய்ந்தது. காயக் காய வீடு கதகதத்தது. ஒரு நாள் வதாத் கணவரின் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மறுநாள் அதை எடுக்க மறந்துபோனாள்.

மகளும் மருமகனும் வந்து இறங்கிய நாளில் கடல் சாலைமேல் ஏறி அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் குளிர்காலத்திலேயே மோசமான புயல். ரூலாவுக்கு ஏனோ அதில் வருத்தமில்லை. "நல்ல நாள்தான்," என்றாள், மழை சொட்ட உள்ளே வந்தபடி.

அவளுக்குப் பின்னால் வாசல் நிலை இடிக்காமல் குனிந்து நுழைந்தான் குன்னர். இதுவரை கோடையில் மட்டும் வந்து, கடலைப் பார்த்துச் சிரித்து, 'நன்றி' என்ற ஒரே அரபிச் சொல்லோடு திரும்பிப் போனவன். இம்முறை வதாத்தின் கையைப் பற்றி, செய்தி வாசிப்பவன் மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னான்:

"வணக்கம், மாமி அவர்களே. கடும் புயலிலும் எங்கள் பயணம் இனிதே நிறைவுற்றது."

கூடம் முழுக்க இருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"என்னடி இது? இவன் எப்ப அரபி படிச்சான்? எதுக்கு?"

"சும்மா, பொழுது போகலேன்னு," என்று சொல்லிவிட்டு ரூலா கைப்பையிலிருந்து வெப்பமானியை எடுத்தாள்.

பரீட்சை தொடங்கியது. கூடம் தேறியது. படுக்கையறை தேறியது. கட்டிலுக்கடியில் வைத்தாள். கதவுக்குப் பின்னால் வைத்தாள். நாற்காலியில் ஏறிக் கூரை மூலையில் வைத்தாள். ஒடெட் டீச்சர் ஒவ்வொரு எண்ணையும் உரக்கப் படித்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் பெண்கள் கை தட்டினார்கள்.

சமையலறையிலிருந்து ரூலாவின் குரல் வந்தது. "இங்க குளிருது! அம்மா, இங்க நல்லாக் குளிருது!"

வதாத் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"ஃபிரிட்ஜைத் திறந்துவெச்சுக்கிட்டு நிக்கிறியேடி."

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று. ரூலாவின் முகம் மலர்ந்தது. "இப்ப பாக்கலாம். ஹீட்டர் நின்னா தெரிஞ்சுடும்."

"என்ன ஹீட்டர்? வீட்டுல ஹீட்டரே இல்ல. அபூ ஷஃபீக்குக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

மெழுகுவத்தி ஏற்றினார்கள். காபி வந்தது. வெளியே புயல் கதவை உதைத்தது. வெப்பமானியை நடுவில் வைத்து, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, ஜுரக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அது அசையவில்லை. ரூலா முதலில் கோட்டைக் கழற்றினாள். கொஞ்ச நேரம் பொறுத்து ஸ்வெட்டரைக் கழற்றினாள். நெற்றியில் வேர்வை மின்னியது. குன்னர் எப்போதோ பனியனுக்கு வந்திருந்தான். சுவரைத் தடவித் தடவிப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சரி," என்றாள் ரூலா மெல்ல. "நீ ஜெயிச்சுட்டே, அம்மா."

ஹியாம் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். ஜிர்ஜிஸ் தொப்பியை வீசினார். நடீம், எல்லாம் தன் யோசனைதான் என்று எதிரில் இருந்தவரிடம் விளக்கத் தொடங்கினான். வதாத் எழுந்து நின்றாள். அந்த நிமிஷம் அவளுக்குத் தன் வீட்டுக் கூரையே தலையில் கிரீடமாக இறங்கினதுபோல் இருந்தது.

அப்போதுதான் பார்த்தாள், ரூலா முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

வதாத்துக்குச் சகலமும் உருகிப்போயிற்று. மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். "அழாதடி கண்ணு. அம்மா கூட வரலேன்னுதானே? வருஷத்துக்கு ஒரு தடவை நானே வந்து உன்னைப் பார்த்துட்டு வர்றேன். கோடையில வர்றேன்."

காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, குன்னர் எழுந்து நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"மாமி அவர்களே, தங்கள் புதல்வி அழுவது அதற்காக அன்று, தங்கள் இல்லத்தில் குளிர் நீங்கும் நாளில் நாம் இங்கேயே குடியேறலாம் என்று, அக்குளிர் ஒருபோதும் நீங்காது என்ற நம்பிக்கையில், எனக்கு வாக்களித்திருந்தாள், நானோ தங்களை நம்பிச் சென்ற வாரமே வேலையைத் துறந்துவிட்டேன் - எங்கள் அறை எது?"